த்ரிஃப்ட் கடையில் கம்ப்யூட்டர் என்ன விலை?

பழைய பொருள்களை விற்கும் அமெரிக்காவின் த்ரிஃப்ட் கடைகளுக்குச் சரக்கு நன்கொடையாக வருகிறது. வீட்டை ஒழிக்கிறவர்கள் துணிமணி, தட்டுமுட்டுச் சாமான்களோடு பழைய கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறார்கள். சால்வேஷன் ஆர்மி, மெதடிஸ்ட் போதகர் எட்கர் ஹெல்ம்ஸ் 1902-இல் பாஸ்டனில் தொடங்கிய குட்வில் போன்ற தொண்டு அமைப்புகள் இவற்றை விற்று வரும் பணத்தை வேலைப் பயிற்சிக்கும் மறுவாழ்வுப் பணிகளுக்கும் செலவிடுகின்றன. அடக்க விலை என்று ஒன்று இல்லாததால், அதன்மேல் லாபம் வைத்து விலை சொல்லும் வியாபாரிக் கணக்கு இங்கே செல்லாது.

விலைச்சீட்டு ஒட்டுகிற ஊழியருக்கு ஒரு பொருளுக்கென்று கிடைப்பது ஓரிரு நிமிடம். சட்டையைப் பிரித்துப் பார்த்தால் கிழிசல் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரின் கோளாறு தெரிய அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு நேரமும் வேண்டும், விவரம் தெரிந்த ஆளும் வேண்டும். இரண்டும் இல்லாத கடைகளில் கீபோர்டு என்றால் இவ்வளவு, மானிட்டர் என்றால் இவ்வளவு என்று வகைக்கு ஒரு விலை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாங்கியவர் பாடு. அந்த ஆபத்துக்கான தள்ளுபடியும் விலைக்குள்ளேயே அடக்கம். சில கடைகளில் சுவரோரம் ஒரு பிளக் பாயின்ட் இருக்கும். வாங்குகிறவர் சொருகிப் பார்த்துக்கொள்ளலாம்.

லேப்டாப்பின் மதிப்பு இன்னும் சீக்கிரம் சரியும். கொடுத்தவரின் அந்தரங்கத் தகவல் வெளியே போய்விடாமலிருக்க ஹார்ட் டிஸ்க்கைப் பெரும்பாலும் கழற்றிவிடுகிறார்கள். சார்ஜர் வேறொரு பெட்டியில் தனியாகக் கிடக்கும். பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கோடு பூட்டப்பட்ட மேக்புக், வெளியே எவ்வளவு பளபளத்தாலும் உதிரி பாகத்துக்குத்தான் ஆகும். மென்பொருளும் விலையை இறக்கிவிடுகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ அதிகாரபூர்வமாக ஏற்காத பழைய பிராசஸர் கொண்ட, மற்றபடி நன்றாக ஓடும் கம்ப்யூட்டர்களுக்கு அத்தோடு மவுசு போனது. லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிந்தவருக்கு இது கொண்டாட்டம்.

ஆனால் பழசானால் விலை இறங்கியே தீரும் என்றும் இல்லை. ஐபிஎம் 1985 முதல் தயாரித்த மாடல் எம் கீபோர்டு பார்ப்பதற்கு மங்கிப்போன, கனத்த பிளாஸ்டிக் பலகை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு சுருள் கம்பி. அழுத்தினால் அது மடங்கி 'டக்' என்று ஒலிக்கும். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒட்டிய சீட்டில் தயாரித்த தேதி இருக்கும். வகைக்கு ஒரு விலை போடும் கடையில் இதற்கும் சாதாரண கீபோர்டுக்கும் ஒரே விலை, சில டாலர்தான்; சேகரிப்பாளரிடம் நல்ல நிலையில் உள்ளது நூறு டாலரைத் தொடும். இப்படிக் கைநழுவும் பணத்தைப் பிடிக்கத்தான் குட்வில் 1999-இலேயே இணையத்தில் ஏலத் தளம் திறந்தது. அரிதாகத் தோன்றுவதைப் பின்கட்டிலேயே பிரித்து ஏலத்துக்கு அனுப்பிவிடுவதால், கடை அலமாரியில் புதையல் தேடுகிறவர்களுக்கு வேட்டை குறைந்துபோனது.

பிரிண்டர் கதை வேறு. அதற்கு என்ன விலை போட்டாலும், புது மைக் கார்ட்ரிட்ஜ் அதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். அது தெரிந்தவர்கள் தொடுவதில்லை. பல கடைகளில் விலைச்சீட்டின் நிறத்தை வைத்து வாரம் ஒரு நிறத்துக்குத் தள்ளுபடி உண்டு. அதிலும் போகாதது மறுசுழற்சிக்குப் போகும். கண்ணாடியில் ஈயம் கலந்த பழைய குழாய் மானிட்டரை அப்புறப்படுத்தக் கடைதான் கைக்காசு போட வேண்டியிருக்கும் என்பதால், பல கடைகள் அதை வாசலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுகின்றன.

கொடுத்தவருக்கும் இந்த விலையில் ஒரு வேலை இருக்கிறது. நன்கொடையை வருமான வரியில் கழிக்க விரும்பினால், புதிதாக வாங்கியபோது கொடுத்த தொகையைக் காட்ட முடியாது. பழைய பொருள் இன்றைய சந்தையில் என்ன விலைக்குப் போகுமோ அதைத்தான் காட்ட வேண்டும். த்ரிஃப்ட் கடைகள் இத்தகைய பொருளுக்கு வழக்கமாகப் போடும் விலையே அதற்கு ஓர் அளவுகோல்.