தாயைக் காக்க ஒரு குழு: பிரசவத்துக்கு முன் நயினாதீவில் செய்ய வேண்டியவை

வீடு திருத்துகிறீர்கள், கிணறு இறைக்கிறீர்கள். வீட்டில் கர்ப்பிணித் தாய் இருந்தால் இன்னோர் ஆயத்தமும் வேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போக முதலில் குறிகட்டுவானுக்குக் கடல் கடக்க வேண்டும். பிறகு புங்குடுதீவு, வேலணை ஊடாகத் தரைவழி. இரவிலும் கடல் கொந்தளிக்கும் காலத்திலும் நினைத்தவுடன் படகு கிடைக்காது.

எங்கே தாமதம்?

தாய்மாரின் மரணத்துக்குக் காரணமாகும் மூன்று தாமதங்களை தாடியஸ், மெயின் என்ற ஆய்வாளர்கள் 1994இல் விளக்கினார்கள்: போக முடிவெடுப்பதில், போய்ச் சேருவதில், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில். ஒருவரால் மட்டும் மூன்றையும் குறைக்க முடியாது. அதனால்தான் குழு தேவை.

குழுவில் யார் யார்?

• குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவமாது): கர்ப்பம் என்று அறிந்தவுடன் இவரிடம் பதியுங்கள். வீட்டுக்கும் வந்து பார்ப்பார்.
• நயினாதீவு பிரதேச வைத்தியசாலையினர்: முதற் சிகிச்சை அளித்து, பெரிய வைத்தியசாலைக்கு அறிவித்து அனுப்புவார்கள்.
• மகப்பேற்று வைத்திய நிபுணர்: பிரசவத்தை எங்கே, எப்போது வைத்துக்கொள்வது என்று ஆலோசனை தருவார்.
• படகோட்டியும் அயலவரும்: இரவில் அழைத்தால் வரக்கூடிய இருவரின் தொலைபேசி எண்களை எழுதி வையுங்கள்.
• குடும்பத்தினர்: கணவர் கடலுக்குப் போயிருந்தால் யார் முடிவெடுப்பது என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

பதிவு அட்டை

இவர்கள் எல்லோரையும் இணைப்பது கர்ப்பகாலப் பதிவு அட்டைதான். இரத்த வகை, இரத்த அழுத்தம், முந்தைய பிரசவ விபரம் அதில் இருக்கும். முகாமிலோ வேறு ஊரிலோ பதிந்த அட்டையைக் கொண்டுவாருங்கள். தொலைந்திருந்தால் மறைக்க வேண்டாம், புதிதாகப் பதிவார்கள். முன்பு சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகள்

இரத்தப்போக்கு, வலிப்பு, கடும் தலையிடி, பார்வை மங்கல், முகவீக்கம், காய்ச்சல், பன்னீர்க்குடம் உடைதல், பிள்ளையின் அசைவு குறைதல். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே பிரதேச வைத்தியசாலைக்குப் போங்கள். அக்கரைக்கு அனுப்புவதானால், படகு ஏறுமுன் 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழைத்து, குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரச் சொல்லுங்கள்.

திகதி நெருங்கினால்

யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் முன்னதாகத் தங்குவது பற்றி கிளினிக்கில் கேளுங்கள்.

பிள்ளை பிறந்த பின்னரும் குழு கலைவதில்லை. தாயும் பிள்ளையும் வீடு திரும்பியதும் குடும்பநல உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். வழியில் எங்கே சுணங்கியது என்றும் சொல்லுங்கள். அடுத்த தாய்க்கு அந்த இடத்தில் சுணக்கம் வராமல் பார்க்க அது உதவும்.