பிரஷர் குக்கரில் அப்பிள் கூழும் அம்பரெல்லாக் கூழும்

பழங்கள் பருவகாலத்தில் மலிந்து கிடப்பதும், பருவம் கழிந்தபின் கிடையாமற் போவதும் கமக்காரர் யாவரும் அறிந்ததே. நம் நாட்டில் விளையும் பழம், மரக்கறி ஆகியவற்றுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, உண்பவர் கைக்குச் சேருமுன்னரே பழுதாகி விடுகின்றது என மதிப்பிடப்பட்டுள்ளது. வளவில் நிற்கும் மரத்தடியில் விழுந்து அழுகும் பழத்தையோ எவரும் கணக்கெடுப்பதில்லை. இவ்வாறு வீணாகும் பழத்தைக் கூழாக்கி உண்பதும் சேமிப்பதும் எவ்வாறு என்பதை இங்கு விளக்குவோம்.

நகரத்தார் வாங்கும் பழம்

கொழும்பு மாநகரில், கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள ஜிந்துப்பிட்டியை உதாரணமாகக் கொள்வோம். சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் அமைந்துள்ள இப்பகுதியில் வீடுகள் நெருக்கமாக உள்ளன. மரம் நட இடமில்லை. விறகடுப்பு வைக்கவும் வசதி குறைவு. ஆயினும் புறக்கோட்டைக் கடைத்தெருக்கள் அண்மையில் இருப்பதால் பழத்துக்குக் குறைவில்லை. அங்கு விற்கப்படும் அப்பிள், சீனா, தென்னாபிரிக்கா, அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வருவது. குளிர்காலத்திற் பல வாரங்கள் கடுங்குளிரில் ஓய்ந்திருந்தாலன்றி அப்பிள் மரம் நன்கு பூப்பதில்லை. ஆதலால் நம் நாட்டில் அதனைப் பெருமளவிற் பயிரிடல் எளிதன்று. 2022 மார்ச் மாதத்தில் அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை காரணமாக 367 வகைப் பொருள்களின் இறக்குமதிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என அரசாங்கம் விதித்தபோது, அப்பட்டியலில் அப்பிளும் இடம்பெற்றது.

அப்பிளைச் சிறிதளவு நீரில் அவித்து மசித்த கூழ், குளிர்நாட்டுக் கமக்காரரின் பழைய உணவு. அடிபட்டு விலைபோகாத பழங்களைக் குளிர்காலத்துக்கெனச் சேமித்துவைக்க அவர்கள் கண்ட வழி அது. ஏறத்தாழ அதே பதமும், அதனினும் சிறந்த மணமும் உடைய கூழை நம் வளவிலுள்ள அம்பரெல்லாவிலிருந்து ஆக்கலாம். நாம் பெரும்பாலும் காயாகவே அச்சாறுக்கும் கறிக்கும் பயன்படுத்துகிறோம். மரத்திலிருந்து பச்சையாக விழும் முற்றிய காய்களைப் பொறுக்கி வீட்டினுள் பரப்பி வைத்தால், சில நாட்களில் அவை பொன்னிறமாகப் பழுக்கும். குட்டை இன மரம் ஓரிரு ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்கும்.

குக்கர் தொழிற்படும் விதம்

மூடிய பாத்திரத்தில் நீராவியை அடக்கிச் சமைக்கும் முறையை 1679ஆம் ஆண்டில் டெனிஸ் பப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இலண்டனிற் செய்து காட்டினார். திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும், அதற்குமேற் சூடேறாது. ஆவியை அடக்கினால் அமுக்கம் கூடி, வெப்பமும் உயரும். அடுப்பில் வைக்கும் குக்கரில் இது ஏறக்குறைய 120 பாகையை எட்டும். மின்சாரக் குக்கர்கள் பெரும்பாலும் அதனிலும் சற்றுக் குறைந்த வெப்பத்தில் தொழிற்படுவன. ஆயினும் அவை வெப்பத்தைத் தாமே கட்டுப்படுத்துவதால், பக்கத்தில் நின்று கிளற வேண்டியதில்லை.

ஆனால் பழக்கூழ் சோற்றைப் போன்றதன்று. அது கொதிக்கும்போது நுரைத்துப் பொங்கும். கூழின் துணுக்குகள் ஆவி வெளியேறும் துவாரத்தை அடைத்துவிடக் கூடும். ஆவியைத் திடீரெனத் திறந்துவிட்டால் கொதிக்கும் கூழ் பீறிட்டு முகத்தையும் கையையும் சுடும். ஆகையால் குக்கருடன் வரும் கையேட்டை முதலிற் படித்தல் வேண்டும். அப்பிள் கூழ் ஆக்கலாகாது என அதிற் கூறப்பட்டிருப்பின், திறந்த பாத்திரத்தில் மெல்லிய தீயில் ஆக்குக.

செய்முறை

6 லீற்றர் கொள்ளும் குக்கருக்கு ஏற்ற அளவு: அப்பிள் 1½ கிலோ, நீர் ஒரு கோப்பை (250 மி.லீ.), தேசிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டி, கறுவாப்பட்டை ஒரு சிறு துண்டு.

1. பழங்களைக் கழுவி, அழுகிய பாகத்தை நீக்குக. புழுத்தவற்றையும் பூஞ்சணம் பிடித்தவற்றையும் முற்றாக ஒதுக்குக.

2. தோலையும் விதைப்பகுதியையும் நீக்கிக் கனத்த துண்டுகளாக வெட்டித் தேசிக்காய்ச் சாற்றிற் பிரட்டுக. வெட்டிய பழம் காற்றுப்பட்டுக் கறுப்பதை இது தடுக்கும்.

3. நீரை முதலில் ஊற்றிப் பின் பழத்தையும் கறுவாவையும் இடுக. பாத்திரத்தின் அரைவாசிக்கு மேல் நிரப்பலாகாது. சீனியை இப்பொழுது சேர்க்கவும் ஆகாது. அது அடியிற் தங்கிக் கருகும்.

4. மூடியின் இறப்பர் வளையமும் ஆவித் துவாரமும் சுத்தமாக உள்ளனவா எனப் பார்த்து மூடுக. அமுக்கம் ஏறியபின் 5 முதல் 8 நிமிடம் வரை அவித்தால் போதும்.

5. மின்சாரத்தை நிறுத்தி, அமுக்கம் தானாகத் தணியும் வரை காத்திருக்க. மூடியிலுள்ள சிறு முளை கீழே இறங்கிய பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும். இடையில் மின்சாரம் தடைப்பட்டாலும் மூடியை வலிந்து திறக்கலாகாது.

6. கறுவாவை நீக்கி, மர அகப்பையால் மசித்து, விருப்பத்துக்கேற்பச் சீனி சேர்க்க. இனிய அப்பிளுக்குச் சீனி வேண்டியதில்லை. ஒரு லீற்றர் அளவு கூழ் கிடைக்கும்.

அம்பரெல்லாவின் விதையைச் சூழ முட்போன்ற தடித்த நார் உண்டு. ஆதலாற் தோலைச் சீவி, சதையை விதையிலிருந்து செதுக்கி எடுத்து, மேற்கூறியவாறே 8 முதல் 10 நிமிடம் வரை அவிக்க. பின்னர் அரிதட்டில் இட்டு அகப்பையால் தேய்த்தால் நார் மேலே தங்கும். மெல்லிய கூழ் கீழிறங்கும். இப்பழம் புளிப்பு மிக்கதாதலின், லீற்றருக்கு 200 கிராம் முதல் சீனி வேண்டப்படும். தோலையும் நாரையும் கூட்டெருக் குழியில் இடலாம்.

போத்தலில் அடைத்தல்

குக்கரில் அவித்ததனால் மட்டும் கூழ் கெடாதிருக்கும் என எண்ணுவது தவறு. மூடி திறந்ததும் காற்றிலுள்ள கிருமிகள் மீண்டும் புகும். சாதாரணப் போத்தலில் இட்ட கூழைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துள் உண்ணுதல் வேண்டும். இதனை மட்டும் நம்பியிருத்தல் போதாது என்பதை, 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீடித்த மின்வெட்டு உணர்த்திற்று.

நெடுநாள் வைப்பதற்கு, உணவு அடைப்பதற்கெனச் செய்யப்பட்ட போத்தல்களும் புதிய மூடிகளும் தேவை. அப்பிள் கூழை மீண்டும் கொதிக்கவைத்து, சூடான போத்தலில் மேலே அரை அங்குலம் இடம் விட்டு நிரப்பி, விளிம்பைத் துடைத்து மூடுக. பின் மூடிக்கு மேல் ஒரு அங்குலம் நீர் நிற்கும்படி அகன்ற பாத்திரத்தில் மூழ்கவைத்துக் கொதிக்க விடுக. அரை லீற்றர்ப் போத்தலுக்குக் கரையோரப் பகுதிகளில் 15 நிமிடமும், கண்டி, பண்டாரவளை போன்ற இடங்களில் 20 நிமிடமும், நுவரெலியாவில் 25 நிமிடமும் வேண்டும். உயர்ந்த இடங்களில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பதால் நேரம் கூடுகின்றது. இவ்வேலைக்கு மின்சாரக் குக்கரைப் பயன்படுத்தலாகாது.

இந்நேர அளவுகள் அப்பிள் கூழுக்கென வகுக்கப்பட்டவை. அம்பரெல்லாக் கூழை முதலிற் சிறிதளவு ஆக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து உண்க. அதனை நெடுநாள் வைக்க விரும்புவோர் கன்னொறுவையில் உள்ள விவசாயத் திணைக்கள உணவு ஆராய்ச்சிப் பிரிவின் ஆலோசனையைப் பெறுதல் நன்று.

ஓர் எச்சரிக்கை

கூழைக் காப்பது கொதிநீர் மட்டுமன்று. பழத்தின் புளிப்பே முதற் காவல். பொட்டுலினம் என்னும் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் மடியா. காற்றில்லாத போத்தலினுள் அவை முளைத்து, உயிரைப் போக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சைக் கண்ணாலோ மூக்காலோ அறிதல் அரிது. பீ.எச். அளவு 4.6க்குக் குறைந்த புளிப்பில் அக்கிருமி வளர்வதில்லை. அப்பிளும் அம்பரெல்லாவும் இவ்வகைப் புளிப்புடையன. பப்பாசி, பூசணி, கரட், பீட்றூட் என்பன அத்தகையன அல்ல. எனவே அப்பிள் கூழுக்குக் கூறிய முறையால் இவற்றைப் போத்தலில் அடைத்து வைத்தல் பேராபத்து. இவற்றின் கூழை அன்றன்றே உண்ணுதல் வேண்டும். மூடி உப்பிய அல்லது கசியும் போத்தலை, உள்ளே இருப்பது எதுவாயினும், சுவை பார்க்காமல் எறிந்துவிடுக.

விற்பனை

ஜிந்துப்பிட்டி போன்ற இடங்களில் வாழ்வோர், மரமும் விறகும் இன்றி, விலை கொடுத்தே பழம் உண்பவர். அவர்களுக்கு விற்கும் எண்ணத்துடன் கூழ் ஆக்குவோர் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு அமைய நடத்தல் வேண்டும். போத்தலில் ஒட்டவேண்டிய விபரங்கள் பற்றித் தம் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்டறிக. முதலில் தம் வீட்டாருக்கென ஆக்கிப் பழகி, கை தேர்ந்தபின் விற்பனையைத் தொடங்குதல் சிறந்தது. காய்க்குங் காலத்தில் மரத்தடியிற் கிடப்பதைப் பொறுக்கி எடுத்தல் இதற்கு முதற் படியாகும்.