கொடுத்தால்தான் வேகம்

எடுத்துக்கொள்ள எல்லோரும் தயார். கொடுக்கத்தான் மனம் வருவதில்லை. நுடெல்லா என்ற கோப்புப் பகிர்வு வலையை 2000இல் ஜெராக்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் அலசியபோது, சுமார் 70 சதவீதம் பேர் எதையுமே பகிர்ந்துகொள்ளவில்லை என்பது தெரிந்தது.

2001இல் இதற்கு மருந்து கண்டார் அமெரிக்க புரோகிராமர் பிராம் கோஹன். அவரது பிட்டோரன்ட் கோப்பைத் துண்டுகளாக்கி, கிடைத்த துண்டை உடனே பிறருக்கு அனுப்பத் தொடங்குகிறது. 10 விநாடிக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, தாராளமாகத் தருபவருக்கே முன்னுரிமை தருகிறது.

இது தெரியாமல் அனுப்பும் வேகத்தை அடியோடு குறைத்துவிட்டு, லினக்ஸ் இறங்க மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. முழுதாகத் திறந்துவிட்டாலும் சிக்கல்தான். 'தகவல் வந்து சேர்ந்தது' என்று உங்கள் கம்ப்யூட்டர் அனுப்பும் ஒப்புதலும் அதே பாதையில்தான் போக வேண்டும். அங்கே நெரிசல் என்றால் இறங்கும் வேகமும் தடுமாறும். அனுப்பும் திறனில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ரூட்டரில் அதற்கான போர்ட்டைத் திறந்து வைத்தால் மற்றவர்களும் உங்களைத் தேடி வந்து இணைய முடியும்.

கோப்பு இறங்கியதும் ஓடிவிடாதீர்கள். முழுக் கோப்பு வைத்திருப்பவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டால், ஒரே ஒரு துண்டு இல்லாமல் அடுத்தவர் 99 சதவீதத்தில் நின்றுவிடலாம். நாளை அந்த அடுத்தவர் நீங்களாகவும் இருக்கலாம்.