காதுமேல் ஒரு மில்

அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன சித்திரையில் ஆன்லைன் தள்ளுபடியில் வயரில்லாத கேமிங் ஹெட்செட் ஒன்று வாங்கினான். காதை முழுசாக மூடும் வகை. வாய்க்கு நேரே நீளும் மைக், பக்கவாட்டில் கலர் கலராக விளக்கு. விளையாட்டு, வகுப்பு, சினிமா, போன் பேச்சு எல்லாவற்றுக்கும் இனி இதுதான் என்று முடிவு செய்திருந்தான். "மாமா, நீங்க பத்து நாள் மாட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க, தினம் போடலாமான்னு" என்று கொடுத்தான். பாட்டு எப்படிக் கேட்கிறது என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பான். உடல்நலம் எழுதுகிறவனிடம் கொடுத்தால் வேறு மாதிரித்தான் வரும்.

மில் சத்தம்

எங்கள் வீட்டில் காது என்றாலே அப்பாதான். கரிசல் பருத்தியும் அதை நம்பி வந்த நூற்பாலைகளும் கோவில்பட்டியில் பல தலைமுறைக்குச் சோறு போட்டவை. அப்பாவும் ஒரு மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தார். கதிர்கள் சுற்றுகிற அந்த ஷெட்டுக்குள் இரண்டு பேர் பேச வேண்டுமானால் உதட்டைப் பார்க்க வேண்டும், கையைக் காட்ட வேண்டும். காதில் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வார்கள். வெறும் பஞ்சு சத்தத்தை ஏறக்குறைய தடுப்பதே இல்லை என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

இந்தியத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. அதுவே தாராளம், அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் 85-ஐத்தான் எல்லையாகச் சொல்கிறது. டெசிபல் கணக்கில் ஐந்து என்பது சின்ன வித்தியாசம் இல்லை. மூன்று டெசிபல் கூடினாலே காதுக்குள் போகும் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும்.

உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட உறுப்புக்குள் சுமார் 15,000 முடிச்செல்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்புக்கு ஏற்ற மின்குறிப்பாக மாற்றுவது அவைதான். தலைமுடி மாதிரி, நகம் மாதிரி அவை திரும்ப முளைப்பதில்லை. முதலில் அடிபடுவது உயர்ந்த சுருதியைப் பிடிக்கிற செல்கள், குறிப்பாக 4000 ஹெர்ட்ஸை ஒட்டியவை. அதனால்தான் அப்பாவுக்குச் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. 'ச', 'ஸ', 'த' எல்லாம் கரைந்துபோய் உயிரெழுத்து மட்டும் மிச்சம் நிற்கும். "காசு" என்றால் "காது" என்று எடுத்துக்கொள்வார். வீட்டில் சிரிப்போம், அவர் சிரிக்க மாட்டார்.

காலடி கேட்க வேண்டுமே

மூன்றாம் நாள் இரவு மருமகன் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். துப்பாக்கி விளையாட்டு. எதிரி மாடிப்படியில் ஏறுகிற காலடி ஓசைதான் அதில் உயிர். அதைக் கேட்டவன் பிழைப்பான். அந்த ஓசையோ புல்லில் பூனை நடக்கிற மாதிரி. அதைப் பிடிப்பதற்காக வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிறான். அடுத்த நொடி அதே வால்யூமில் குண்டு வெடிக்கிறது.

சினிமாவுக்கும் பாட்டுக்கும் இல்லாத ஆபத்து இதில்தான் இருக்கிறது. நடுக்காதில் ஒரு குட்டித் தசை உண்டு. பெரிய சத்தம் வந்தால் இறுகிக்கொண்டு உள்காதைக் கொஞ்சம் காக்கும். ஆனால் திடீர் வெடிச்சத்தத்துக்கு முன்னால் அது இறுகுவதற்குள் வேலை முடிந்துவிடும். 2024-இல் பிஎம்ஜே பப்ளிக் ஹெல்த் இதழில் வெளியான தொகுப்பாய்வு, 9 நாடுகளில் 50,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. துப்பாக்கி விளையாட்டில் இப்படித் திடீரென எழும் ஒலிகள் 119 டெசிபல் வரை போனதாக அதில் ஓர் ஆய்வு பதிந்திருக்கிறது. நம் ஊரில் பட்டாசுக்கே சட்டப்படி உச்சவரம்பு இருக்கிறது, 4 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 125 டெசிபல். இங்கே காதுக்கும் சத்தத்துக்கும் இடையில் ஒரு விரற்கடைகூட இல்லை.

மாற்று இருக்கிறது. கணினியிலும் பல விளையாட்டுகளின் அமைப்பிலும் ஒலியைச் சமப்படுத்தும் வசதி உண்டு. அதைப் போட்டால் காலடி சற்றுத் தூக்கலாகக் கேட்கும், வெடி அடங்கும். வால்யூமைத் தொடாமலே வேலை நடக்கும். முதலில் "கேம் கெட்டுப்போகும்" என்று முனகினான். இரண்டு நாளில் பழகிவிட்டது.

வாரக் கணக்கு

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018-இல் பாட்டுக் கருவிகளுக்கு ஒரு தரம் வகுத்தன. 2025-இல் வீடியோ விளையாட்டுக்கென்றே தனித் தரமும் வந்துவிட்டது. 2018-ஆம் ஆண்டுத் தரத்தின் கணக்கு மளிகைக்கடைப் பற்று நோட்டு மாதிரிதான், வாரத்துக்கு ஒரு முறை. பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம். மூன்று டெசிபல் ஏற்றினால் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10, 89-க்கு 5 மணி. 95-க்குப் போனால் வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரம்தான். பிள்ளைகளுக்குக் கணக்கு 75 டெசிபலிலேயே தொடங்குகிறது.

மருமகன் ஒரு நாளைக்கு வகுப்பு இரண்டு மணி, விளையாட்டு மூன்று மணி, தூங்கும்வரை பாட்டு. வாரத்துக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. அப்பாவின் ஷிப்ட் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். அவருக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு.

டெசிபலை வீட்டில் யார் அளப்பது? கைநீட்டும் தூரத்தில் ஒருவரை உட்காரவைத்துச் சாதாரணமாகப் பேசச் சொல்லுங்கள். ஹெட்செட் ஓடும்போது அவர் பேசுவது துளியும் புரியாவிட்டால் வால்யூம் அதிகம். முழு வால்யூமில் 60 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. சில போன்கள் வாரத்தில் காதுக்குப் போன சத்தத்தைக் கூட்டிக் காட்டுகின்றன, இருந்தால் பாருங்கள்.

சித்திரை வெயிலில் மெத்தை

கரிசல் மண் பகலெல்லாம் வெயிலைக் குடித்து ராத்திரி வெளியே விடும். தகரமோ கான்கிரீட்டோ, பத்து மணிக்கும் அறை வெந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் ரெக்சின் மெத்தை வைத்த ஹெட்செட்டை ஒரு மணி நேரம் மாட்டினேன். கழற்றும்போது காது மடல் ஊறிப்போன அப்பளம் மாதிரி இருந்தது. ஈரமும் சூடும் மூடிய இடமும் சேர்ந்தால் காதுக் குழாயில் பூஞ்சை வளர அது போதும். முதலில் தாங்க முடியாத அரிப்பு, பிறகு அடைப்பு, சில நேரம் கறுப்புப் புள்ளிகளோடு கசிவு.

அரிப்பு வந்ததும் நம் ஊரில் கை எங்கே போகும்? தீப்பெட்டிக்கு. தீப்பெட்டி செய்கிற ஊரில் தீக்குச்சியால் காது குடையாத வீடு உண்டா? குழாயின் தோல் அரிசிக் காகிதம் போல மெல்லியது. குச்சி கீறிய இடத்தில் கிருமி ஏறும், குறும்பி இன்னும் உள்ளே போய் இறுகும். காய்ச்சிய நல்லெண்ணெயும் வேண்டாம். பூஞ்சைக்கு அது விருந்து.

ரெக்சினைவிடத் துணி மெத்தை காற்றோட்டமானது. வெளிச் சத்தத்தைக் கொஞ்சம் உள்ளே விடும், அது உண்மை. நான் கோவில்பட்டிக்குத் துணியைத்தான் சொல்வேன், அதுவும் கழற்றித் துவைக்கிற மாதிரி இருந்தால். முக்கால் மணிக்கு ஒரு தரம் கழற்றி வையுங்கள். விடுதியில் நான்கு பேர் ஒன்றையே மாற்றி மாற்றிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். சீப்பைக்கூட அப்படிப் பகிர மாட்டோம்.

எடையையும் கையில் தூக்கிப் பாருங்கள். கால் கிலோ கடலைமிட்டாய் பாக்கெட் அளவு என்றால் பரவாயில்லை. 350 கிராமைத் தாண்டினால் இரண்டு மணி நேரத்தில் பிடரி சொல்லிவிடும்.

வயர் இல்லை என்பதால்

எல்லோரும் கேட்பது கதிர்வீச்சு. புளூடூத் அனுப்புவது பெரும்பாலும் சில மில்லிவாட் அளவிலான ரேடியோ அலை. காதில் ஒட்டிப் பேசும் போன் இதைவிடப் பல மடங்கு வலுவாக அனுப்பக்கூடியது. செல்லின் மரபணுவை உடைக்கும் வகைக் கதிரும் இல்லை. அதைப் பற்றிக் கவலைப்பட்ட நேரத்தில் வால்யூமைக் குறைக்கலாம்.

வயர் இல்லாததன் உண்மையான கேடு, அது கழற்றப்படுவதே இல்லை என்பது. வயர் இருந்தால் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கழற்றியாக வேண்டும். காதுக்கு அது ஓய்வு. இதுவோ அடுப்படிக்கும் மொட்டை மாடிக்கும் கூடவே வருகிறது. தண்டவாளத்தைத் தாண்டும்போதும் நாற்கரச் சாலையோரத்திலும் தலையில் இருக்கிறது. காதை மூடிய ஹெட்செட்டோடு அங்கே நிற்பதும் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பதும் ஒன்றுதான்.

பேட்டரிக்கும் நம் வெயில் ஆகாது. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. தகரக் கூரையடியிலோ தலையணைக்கு அடியிலோ சார்ஜ் போட வேண்டாம்.

இன்னொன்று. நம் குரல் நமக்கே மெதுவாகக் கேட்கும் வசதி சில ஹெட்செட்டில் உண்டு. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். அது இல்லாததால்தான் மருமகன் நடுராத்திரி தெருவுக்கே கேட்கக் கத்துகிறான், தொண்டையும் கட்டுகிறது.

மருத்துவரிடம் போக

கழற்றிய பிறகும் காதுக்குள் சுவர்க்கோழி கத்துகிறதா, எதிரில் பேசுவது பஞ்சு வைத்தது போலக் கேட்கிறதா? மறுநாள் சரியாகிவிட்டாலும் அது எச்சரிக்கைதான். நிலைத்துவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் குறும்பி என்று நாள் தள்ளாதீர்கள். அன்றைக்கே போக வேண்டிய அவசரம் அது. ஸ்டீராய்டு சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

செவித்திறன் சோதனை வலிக்காது, அரை மணி நேரத்தில் முடியும். மருமகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் வரைபடத்தில் இரண்டு கோடும் மேலே நேராக ஓடின. வீட்டுக்கு வந்து அப்பாவின் பழைய வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். 4000-ஐ நெருங்கும் இடத்தில் கோடு செங்குத்தாக இறங்கியிருந்தது.

அவன் அதைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போனான். "என்ன தாத்தா, காதுக்குள்ள கிணறு வெட்டி வச்சிருக்கீங்க?"

அப்பா திரும்பிப் பார்த்தார். "கிணறா? அது எப்பவோ தூந்து போச்சேய்யா."