பச்சைத் திடலைப் பாழாக்கும் கூன்வண்டு

அரிசிப் பானையைத் திறந்ததும் ஓடும் சிறு வண்டை அறியாத குடும்பம் இருக்க முடியாது. தும்பிக்கை போல் மூக்கு நீண்ட இந்தக் கூன்வண்டு இனத்துக்கு உறவினர்கள் ஏராளம். தென்னையைச் சாய்க்கும் சிவப்புக் கூன்வண்டும், வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டும் அந்த வகையே. இதே கூட்டத்தைச் சேர்ந்த இன்னொரு வண்டு, அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் கோல்ப் மைதானங்களைப் பராமரிப்போரின் தூக்கத்தைக் கெடுத்து வருகிறது. அதன் நீளமோ 3 முதல் 4 மில்லிமீட்டர்தான்!

கோல்ப் மைதானத்தில் பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள இடத்துக்கு 'கிரீன்' என்று பெயர். அங்கே புல்லைச் சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு, ஜமக்காளம் விரித்தாற்போல் வெட்டி வைப்பார்கள். 'போவா அனுவா' என்ற ஒரு களைப்புல் தானாகவே அங்கு வந்து புகுந்து, நாளடைவில் திடலின் பெரும் பகுதியைப் பிடித்துக் கொள்கிறது. இந்தப் புல்தான் வண்டுக்கு விருந்து. 1931-ல் கனெக்டிகட் மாநிலத்தில் இதன் சேதம் முதன்முதலாகப் பதிவாயிற்று. பின்னர் நியூயார்க், நியூஜெர்ஸி எனப் பரவி, இன்று வடக்கே கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களிலும், தெற்கே வட கரோலினா வரையிலும் காணப்படுகிறது.

நடந்து வரும் எதிரி

குளிர்காலம் முழுவதும் மைதான ஓரத்து மரங்களின் கீழ், சருகுகளிலும் உயரமான புல்லிலும் வண்டு ஒளிந்திருக்கும். வசந்தம் பிறந்ததும் பெரும்பாலும் நடந்தே திடலுக்குள் வந்து, புல்லின் இலையுறைக்குள் முட்டையிடும். பொரித்து வரும் காலில்லாத வெண்புழு முதலில் தண்டுக்குள் இருந்து தின்னும். வளர்ந்ததும் வெளியே வந்து தூரைக் கடிக்கும். ஒரே புழு பன்னிரண்டுக்கும் மேற்பட்ட தண்டுகளை மாய்த்துவிடக் கூடும். மே மாதக் கடைசியிலும் ஜூனிலும் திடல் மஞ்சளாகிப் பின் பழுப்பாகிறது. தண்ணீர் போதவில்லை என்று எண்ணிக் குழாயைத் திறந்து விடுவோரும் உண்டு. ஆட்டக்காரர்கள் திரளும் கோடையில் கிரீன் பாழானால் பதில் சொல்ல வேண்டியவர் பராமரிப்பாளர். அவருடைய வேலைக்கே உலை வைக்கக் கூடிய விஷயம் இது.

மருந்து தோற்ற கதை

இந்த அச்சத்தால் பல மைதானங்களில் பூச்சி இருக்கிறதா என்று பாராமலே, தேதியைப் பார்த்து மருந்து தெளித்தார்கள். பைரித்ராய்டு வகை மருந்தையே ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப அடித்தார்கள். தொடக்கத்தில் வண்டுகள் செத்து விழுந்தன. மருந்தைத் தாங்கிப் பிழைத்த சில வண்டுகளின் சந்ததி பெருகிற்று. நியூ இங்கிலாந்துப் பகுதியின் தென் மாநிலங்களில் உள்ள மைதான வண்டுகளுக்கு இம்மருந்தை எதிர்க்கும் சக்தி வந்துவிட்டதை, 2009-ல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. சில இடங்களில் வேறு வகை மருந்துகளுக்கும் வண்டு மசியவில்லை.

சோப்பும் உப்பும்

இந்நிலையில் கை கொடுப்பவை சமையலறைச் சாமான்கள். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை நீரில் கலந்து புல் மீது ஊற்றினால், சில நிமிடங்களில் வண்டுகள் மேலே ஏறி வரும். எண்ணிக் கொள்ளலாம். புல்வெட்டும் இயந்திரத்தின் கூடையில் சேரும் துணுக்குகளிலும் வண்டைத் தேடுகிறார்கள்.

புழுவைக் காண உப்பு நீர் போதும். திடலில் சிறு மண்கட்டியைப் புல்லோடு பெயர்த்து, உதிர்த்து, கரிக்கக் கரிக்க உப்பு கரைத்த நீரில் போட்டால் புழுக்கள் மிதக்கும். விதை நெல்லை உப்புக் கரைசலில் இட்டுப் பதரைப் பிரிக்கும் நம் விவசாயிக்கு இது புதிதல்ல. போவா அனுவா திடலில், வசந்த காலத்தில் சதுர அடிக்குச் சுமார் 30 முதல் 50 புழுக்கள் வரை இருந்தால்தான் நடவடிக்கை தேவை என்பது பொதுவான கணக்கு. கோடை வெயிலில் புல் வாடியிருக்கும்போது அதைவிடக் குறைந்த எண்ணிக்கையே ஆபத்து.

பூக்களும் நாள் குறித்துத் தருகின்றன. பார்சித்தியா என்ற செடியின் மஞ்சள் பூ பாதி உதிர்ந்து பச்சை இலை பாதி தெரியும்போது, வண்டுகள் திடலை நோக்கித் திரளாகக் கிளம்பியிருக்கும். நீலகிரியில் காட்டுப் பூவரசு எனப்படும் மரத்தின் இனமான ரோடோடெண்ட்ரான் பூக்கும்போது, புழுக்கள் வளர்ந்து தூரைக் கடிக்கத் தொடங்கியிருக்கும்.

மருந்தை அறவே கைவிட்டுவிடவில்லை. தேவைப்படும் இடத்தில் மட்டும், வகையை மாற்றி மாற்றித் தெளிக்கிறார்கள். மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் ஸ்பினோசாட் போன்றவை புழுப் பருவத்தில் பயன்படுகின்றன. கடியைத் தாங்கும் 'பென்ட்' புல்லைத் திடலில் சிறிது சிறிதாகப் பெருக்குவதும் நல்ல பலன் தருகிறது.

காலண்டரைப் பார்த்து மருந்தடித்தவர்கள் பணத்தையும் இழந்து மருந்தின் வீரியத்தையும் இழந்தார்கள். இன்று விவரமறிந்த பராமரிப்பாளர் ஒரு வாளி சோப்புத் தண்ணீரோடு திடலில் மண்டியிட்டு, முதலில் எண்ணுகிறார். பிறகுதான் மருந்து டப்பாவைத் தொடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். கோல்ப் திடலுக்கு மட்டுமல்ல, கத்தரிப் பாத்திக்கும் இந்த முறை பொருந்தும்.