ஊசல் குண்டும் விரிதாளும்

தனி ஊசல் சோதனையை நீங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்திருப்பீர்கள். நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுகிறோம். ஊசலை ஆட்டுவது எளிது. கணக்குத்தான் நேரம் பிடிக்கும். இடையில் ஓர் எண் பிழையாகிவிட்டால், அதற்குப் பின் வரும் எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டும் அல்லவா?

இதே தொல்லையை 1978-ஆம் ஆண்டில் ஒரு மாணவர் கண்டார். அவர் பெயர் டான் பிரிக்லின். அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். கரும்பலகையில் ஆசிரியர் வரைந்த அட்டவணையில் ஓர் எண் மாறினால், பல எண்களை அழித்துத் திருத்த வேண்டியிருந்தது. தானே திருத்திக்கொள்ளும் கரும்பலகை ஒன்று இருந்தால்? அவரும் நண்பர் பாப் பிராங்க்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய ‘விசிகால்க்’ 1979-இல் ஆப்பிள் 2 கணிப்பொறிக்காக வெளிவந்தது. இன்று அலுவலகங்களில் பயன்படும் எக்செல், கூகுள் ஷீட்ஸ் போன்ற விரிதாள்களுக்கு அதுவே முன்னோடி.

விரிதாள் என்பது கட்டம் போட்ட தாள். ஒரு கட்டத்தில் எண்ணை எழுதலாம். அல்லது மற்றக் கட்டங்களைக் கொண்டு கணக்கிடும் வாய்பாட்டை எழுதலாம். எண் மாறினால் விடையும் உடனே மாறும். ஆனால் வாய்பாட்டை நீங்கள்தான் எழுத வேண்டும். நேரத்தை 20-ஆல் ஏன் வகுக்கிறோம் என்று தெரியாதவருக்கு விரிதாள் உதவாது.

இப்போது ஐந்து நண்பர்கள் அவரவர் வீட்டில் வெவ்வேறு நீளமுள்ள ஊசல்களை ஆட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஐவரும் இணையத்தில் ஒரே விரிதாளைத் திறந்திருக்கிறார்கள். ஒருவர் எழுதும் எண் மையக் கணிப்பொறிக்குச் சென்று, அங்கிருந்து மற்ற நால்வரின் திரைக்கும் நொடியில் வந்துவிடும். முதல் பத்தியில் நீளம், இரண்டாவதில் 20 அலைவுகளுக்கான நேரம், மூன்றாவதில் நேரத்தை 20-ஆல் வகுத்த அலைவு நேரம். நான்காவதில், 39.48-ஐ நீளத்தால் பெருக்கி, அலைவு நேரத்தின் இருமடியால் வகுக்கும் வாய்பாடு. (39.48 என்பது பையின் இருமடியைப்போல் நான்கு மடங்கு.) கிடைத்தவை இவை:

0.4 மீட்டர் – 25.4 விநாடி – 9.79
0.6 மீட்டர் – 31.1 விநாடி – 9.80
0.8 மீட்டர் – 34.1 விநாடி – 10.86
1.0 மீட்டர் – 40.1 விநாடி – 9.82
1.2 மீட்டர் – 44.0 விநாடி – 9.79

மூன்றாவது வரியைப் பாருங்கள்! தனியாகச் செய்திருந்தால் அந்த நண்பருக்கு ஐயமே வந்திராது. நால்வரின் விடைகளுக்கு அருகில் நிற்கும்போதுதான் பிழை கண்ணில் படுகிறது. சராசரியும் 10.01 என்று ஏறிவிட்டது.

என்ன செய்யலாம்? 34.1-ஐ அழித்துவிட்டு, 9.8 வரும்படி ஓர் எண்ணைப் போட்டுவிடலாம் என்று கை துறுதுறுக்கும். அப்படிச் செய்தால் அது சோதனையே அல்ல. காரணத்தைத் தேடுவோம். வகுக்கும் எண்ணை மட்டும் 20-க்குப் பதில் 19 என்று மாற்றிப் பாருங்கள். விடை 9.81 ஆகிறது! குண்டை விட்டவுடனேயே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கியிருக்கலாம். அப்போது ‘இருபது’ என்று சொல்லும்போது 19 அலைவுகளே முடிந்திருக்கும். ‘சுழி’ என்று தொடங்கியிருக்க வேண்டும்.

இது இன்னும் ஊகம்தான். ஊசலை மீண்டும் ஆட்டிப் பார்த்தால்தான் உறுதியாகும். மறுபடி அளந்தபோது 35.9 விநாடி வந்தது என்றால், அதை எழுதியவுடன் முடுக்கம் 9.80 ஆகும்; சராசரியும் தானாகவே 9.80-க்கு இறங்கும்.

பழைய 34.1 என்ன ஆயிற்று? கூகுள் ஷீட்ஸ் போன்றவற்றில் ‘பதிப்பு வரலாறு’ என்றொரு வசதி உண்டு. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அதில் பதிவாகும். ஆயினும் பழைய அளவீட்டை அழிக்காமல், பக்கத்துக் கட்டத்தில் ‘எண்ணிக்கைப் பிழை, மீண்டும் அளந்தது’ என்று குறித்து வைப்பதே நல்ல பழக்கம். அறிவியலாளர்களும் தம் குறிப்பேட்டில் பிழையை மறைப்பதில்லை. ஒரு கோடு போட்டு, காரணத்தை எழுதுவார்கள்.

இணைய வசதி இல்லையா? கவலை வேண்டாம். ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, ஐவரும் ஒன்றாக அமர்ந்து நிரப்புங்கள். கணக்குக்குச் சற்று நேரம் கூடும். ஒப்பிடும் பயன் அப்படியே கிடைக்கும். ஒரு நூல், ஒரு கல், ஒரு கடிகாரம் போதும். நீளத்தை அளக்கும்போது கல்லின் நடுப்பகுதிவரை அளக்க மறவாதீர்கள். முதல் அலைவைச் ‘சுழி’ என்று தொடங்குங்கள்!