முன்தோல் இறுக்கம்: கத்திக்கு முன்னாடி என்னென்ன இருக்கு?

முன்தோல் பின்னால போகலைன்னா 'சுன்னத் பண்ணணுமோ?'ன்னு பயந்தே பல ஆண்கள் டாக்டரிடம் போவதில்லை. நான் தேடிப் படித்தவரை, அறுவை சிகிச்சை பெரும்பாலும் கடைசிப் படிதான்.

முதலில் காரணம். இத்தனை வருடம் நன்றாக இருந்த தோல் திடீரென வெடித்து, எரிந்து, இறுகினால் சுகர் டெஸ்ட் எடுங்கள். சர்க்கரை நோயின் முதல் அடையாளமே சிலருக்கு இதுதான். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளாலும் அங்கே பூஞ்சைத் தொற்று வரலாம். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வடு இல்லாத இறுக்கத்துக்கு பீட்டாமெத்தசோன் 0.05% போன்ற ஸ்டீராய்டு களிம்பு, டாக்டர் சொன்னபடி, 4 முதல் 8 வாரம். கூடவே வலிக்காத அளவுக்கு மெல்லத் தோலைப் பின்னால் நகர்த்திப் பழக்க வேண்டும். பலருக்கு இதுவே போதும். பலவந்தமா இழுத்தா கிழிஞ்சு, வடுவாகி, இன்னும் இறுகும்.

வெள்ளையாகத் தடித்த வளையம் தெரிந்தால் லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அதற்கு இன்னும் வீரியமான ஸ்டீராய்டு. கேட்கலைன்னா சுன்னத்தான் வழக்கமான சிகிச்சை. வடு அவ்வளவாக இல்லாதவர்களுக்கு, தோலை எடுக்காமல் அகலப்படுத்தும் பிரெப்யூசியோபிளாஸ்டியும் உண்டு.

இது அவசரம்: பின்னுக்குப் போன தோல் திரும்பி வராமல் வீங்கினால், விடியட்டும்னு காத்திருக்காதீங்க. அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.